வாக்குத் தவறிய திரைப்படங்கள்

ஒரு கலைப்படைப்புத் தோல்வியுற்றது என்று கூறுதல் எளிது. எவ்வாறு தோல்வியுற்றது என்று காட்டுதல் அரிது. திரைப்படத்தைப் பொறுத்தவரையில் இவ்வருமை இருமடங்காகின்றது. கவிதை ஒருவன் உள்ளத்திலே கருக்கொண்டு அவன் கையாலேயே நிறைவெய்துவது. திரைப்படமோ முதலிடுவோன், கதை வகுப்போன், நெறியாளன், ஒளிப்பதிவாளன், நடிகன், தொகுப்பாளன் எனப் பலருடைய கைபட்டு வெளிவருவது. ஆகலின், உயர்ந்த படைப்பாகத் திகழ்ந்திருக்க வேண்டிய ஒரு படம் குறைபட்டு நிற்குமிடத்து, அக்குறை யாது, அஃது எக்கையால் நேர்ந்தது என வரையறுத்துக் கூறுதல் திறனாய்வாளனின் தலையாய கடனாகின்றது.

இக்கடனை ஆற்றப் புகுவோர் பெரும்பாலும் மூன்று அளவைகளைக் கைக்கொள்வர். பெரும்பொருள் செலவிட்டும் வசூல் காணாத படத்தைத் தோற்ற படம் என்பது வணிகர் வழக்கு. புகழ்பெற்ற நாவலைத் தழுவிய படம் அந்நாவலினின்றும் விலகுமாயின் அதனைக் குறையென்பது நூலறிந்தார் வழக்கு. பெயர்பெற்ற நெறியாளரின் முந்திய படத்தோடு ஒப்பிட்டுப் பிந்திய படத்தைத் தாழ்த்துதல் இரசிகர் வழக்கு. இம்மூன்றும் படத்துக்குப் புறத்தே நிற்கும் அளவைகள். காண்போன் எதிர்பார்த்தது வேறு. படம் அளித்த வாக்கு வேறு. எதிர்பார்ப்புப் பொய்த்தமைக்குப் படம் பொறுப்பன்று. தான் அளித்த வாக்குக்கே அது பொறுப்பாகும். அவ்வாக்கை ஒவ்வொரு படமும் தன் தொடக்கக் காட்சிகளிலேயே அளித்துவிடுகின்றது. நூலுக்குப் பாயிரம் எத்தகையதோ, படத்துக்குத் தொடக்கம் அத்தகையது.

நன்னூலார் நூலுக்குரிய குற்றங்களைப் பத்தென வகுத்தார். அவற்றுள் ஒன்று சென்று தேய்ந்திறுதல்: வளமுற எழுந்த பொருள் போகப் போக மெலிந்து முடிதல். நிறைவெய்தாத படங்கள் அனைத்துக்கும் பொதுவான பெயராக இதனைக் கொள்ளலாம். எனினும், அத்தேய்வு வரும் வழிகள் வேறுவேறு. அவ்வழிகளுக்கும் அப்பட்டியலிலேயே பெயர்கள் உள. சொல்லத்தக்கதைக் குறைபடச் சொல்லுதல் குன்றக் கூறல். முன் சொன்னதற்கு முரணாகப் பின் சொல்லுதல் மாறுகொளக் கூறல். எடுத்த பொருளை விடுத்து வேறொன்றைப் பெருக்குதல் மற்றொன்று விரித்தல். ஏட்டுச் சுவடியை நோக்கி வகுத்த இவ்வளவைகள் படச்சுருளுக்குப் பொருந்துமோ எனின், பொருந்தும். இரண்டும் தொடக்கம், இடை, இறுதி எனக் காலத்தில் நடந்து செல்லும் கலைகளாகலின் என்க. மேலைநாட்டுப் படங்கள் மூன்றினை இவ்வளவைகள் கொண்டு நோக்குதல் பொருத்தமாகும்.

முதலாவது, எரிக் வொன் ஸ்ட்றோஹைம் நெறிப்படுத்தி 1924 இல் வெளிவந்த 'கிறீட்' என்னும் பேசாப்படம். பேராசை என்பது அப்பெயரின் பொருள். அமெரிக்க நாவலாசிரியர் பிராங் நொறிஸ் 1899 இல் வெளியிட்ட 'மக்ரீக்' என்னும் நாவலே இதன் மூலம். ஸ்ட்றோஹைம் அந்நாவலின் நிகழ்ச்சிகளை ஒன்றும் விடாது படமாக்க விழைந்தார். அரங்கமைப்புக்களை நம்பாது சன் பிரான்சிஸ்கோ நகரின் உண்மைத் தெருக்களையும் வீடுகளையும் நாடினார். இறுதிக் காட்சிகளுக்காக 1923 ஆம் ஆண்டின் கடுங்கோடையிலே கலிபோர்ணியாவின் மரணப் பள்ளத்தாக்குக்கே தம் குழுவினரை அழைத்துச் சென்றார். அவர் முதலிலே தொகுத்த படம் 42 சுருள்கள் கொண்டது. அதனை அவரே 24 ஆகக் குறைத்தார். நண்பர் றெக்ஸ் இங்கிறமின் துணையோடு அது 18 ஆயிற்று. இதற்கிடையிலே படத்துக்கு முதலிட்ட நிறுவனம் வேறிரண்டோடு இணைந்து மெற்றோ கோல்ட்வின் மேயர் ஆகிவிட்டது. புதிய நிறுவனம் படத்தைத் தன் கையில் எடுத்துப் 10 சுருள்களாக்கி வெளியிட்டது. எஞ்சியது முதற்றொகுப்பில் நாலிலொரு பங்கிலும் குறைவு.

இழப்பின் அளவு இத்துணைப் பெரிதாயினும், இழந்தவை எவை என்று நோக்குதல் வேண்டும். மக்ரீக் என்னும் பல்வைத்தியன், அவன் மனைவி திரினா, அவளை முன்னர் விரும்பிய மாக்கஸ் ஆகிய மூவரின் கதை எஞ்சியது. அதற்கு இணையாக ஓடிய இரு கிளைக்கதைகள் நீங்கின. அவற்றுள் ஒன்று பொன்வெறியால் அழியும் இருவரைப் பற்றியது. மற்றையது முதுமையிலே மலரும் தூய அன்பைப் பற்றியது. முதன்மைக் கதைக்கு நிழலும் ஒளியுமாக அமைந்தவை அவை. அவை நீங்கவே, திரினாவின் உலோபம் படிப்படியாக வளர்வதற்கு மாறாகத் திடீரெனத் தோன்றுகின்றது. சீட்டிழுப்பில் விழுந்த 5000 டொலர் ஓர் இல்லறத்தை மெல்ல மெல்ல அரித்த வரலாறு ஓரிரு தாவல்களில் முடிந்துவிடுகின்றது. குன்றக் கூறல் என்னும் குற்றம் இங்குத் தெளிவாக உள்ளது.

ஆயினும், இப்படம் தன் வாக்கைக் காப்பாற்றியதா எனின், பெரும்பாலும் காப்பாற்றியது என்றே விடை கூறல் வேண்டும். தொடக்கத்திலே சுரங்கத் தொழிலாளியாகிய மக்ரீக் காயமுற்ற சிறு பறவை ஒன்றைக் கையிலெடுத்து முத்தமிடுகின்றான். அதனைத் தட்டிவிட்டவனைத் தூக்கிப் பள்ளத்திலே எறிகின்றான். மென்மையும் விலங்குத்தன்மையும் ஓருடலில் உறைகின்றன என்பதும், அவற்றுள் எது வெல்லும் என்பதே கதை என்பதும் அக்கணத்திலேயே அறிவிக்கப்படுகின்றன. இறுதியில், நீரற்ற பாலையிலே, மாக்கஸின் பிணத்தோடு தன் கை விலங்கிடப்பட்டிருக்க, தான் இதுகாறும் சுமந்து வந்த கூண்டுப் பறவையை எடுத்து முத்தமிட்டு விடுவிக்கின்றான் அவன். பறக்கும் வலிமை அதற்கும் இல்லை. தொடக்கத்துப் பறவையும் இறுதிப் பறவையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. நடுவண் எத்தனை சுருள்கள் அழிந்தாலும் இரு கரைகளும் இடியாது நிற்கின்றமையால் ஆற்றின் போக்கு அறியப்படுகின்றது. 1999 இல், எஞ்சிய நிழற்படங்களைக் கொண்டு ஏறத்தாழ நான்கு மணி நேரப் படமாக இது மீட்டமைக்கப்பட்டபோது, அதனைக் கண்டோர் இழந்தவற்றின் அளவை உணர்ந்தனர். கதையின் பொருளோ முன்னரே அறிந்த பொருளாகவே இருந்தது.

இரண்டாவது படத்தின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஓர்சன் வெல்ஸ் 'சிற்றிசன் கேன்' படத்தையடுத்து உருவாக்கிய 'த மக்னிபிசென்ற் அம்பசன்ஸ்' 1942 இல் வெளியாயிற்று. பூத் ராக்கிங்டன் 1918 இல் வெளியிட்டு மறு ஆண்டு புலிற்சர் பரிசு பெற்ற நாவல் இதற்கு மூலம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஓர் ஊரிலே செல்வத்தாற் சிறந்த அம்பசன் குடும்பம் மூன்று தலைமுறைக்குள் தேய்ந்தழிவதே கதை. அவ்வீட்டு மகள் இசபெல்லை விரும்பிய யூஜீன் என்பவன் மோட்டார் வண்டி செய்து உயர்கின்றான். அவள் மகன் ஜோர்ஜ் தன் செருக்கினால் தாயின் மறுவாழ்வைத் தடுத்துத் தானும் வீழ்கின்றான்.

படத்தின் தொடக்கம் நகைச்சுவை ததும்புவது. வெல்ஸ் தம் குரலாலேயே அக்காலத்து ஆடவரின் ஆடைப் பாங்குகளையும், வீட்டு வாயிலிலே ஒரு பெண்மணி புறப்பட்டு வரும்வரை காத்து நிற்கும் குதிரை டிராம் வண்டியையும் எடுத்துரைக்கின்றார். விரைவில்லாத வாழ்வொன்றின் இனிமை இதிலே புலனாகின்றது. ஆனால், இவ்வினிமையை அழிக்கப் போவது மோட்டார் வண்டி என்பதும், அதனைச் செய்பவன் வெறுக்கத்தக்கவன் அல்லன், நல்லவன் என்பதும் விரைவிலே வெளிப்படும் உண்மைகள். உணவு மேசையிலே ஜோர்ஜ் மோட்டார் வண்டியை இழித்துரைக்கும்போது, யூஜீன் சினங்கொள்ளாது, அவன் கூற்று ஒருகால் உண்மையாகவும் இருக்கலாம் என அமைதியாக ஏற்கின்றான். பழைமை அழிவதும், அதனை அழித்த புதுமை மகிழ்ச்சி தராதொழிவதும் ஒருங்கே காட்டப்படும் என்பதே இப்படம் அளித்த வாக்கு. வென்றவனுக்கும் வெற்றியில்லை என்னும் இத்தகைய கடினமான பொருளை ஹொலிவூட் படங்கள் தொட்டமை அரிது.

அவ்வாக்கு நெடுந்தூரம் காக்கப்படுகின்றது. அம்பசன் மாளிகையின் கடைசி நடன விருந்திலே, ஸ்ரான்லி கோட்டெஸின் ஒளிப்பதிவுக் கருவி அறை அறையாகப் புகுந்து செல்ல, மூன்று தலைமுறையினரின் பேச்சும் பெருமூச்சும் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிகின்றன. பனியிலே மோட்டார் வண்டி சிக்கி நிற்கக் குதிரைச் சறுக்குவண்டி விரைந்து செல்லும் காட்சி, பேசாப்பட காலத்துப் பாணியில் வட்டமாகச் சுருங்கி இருளில் மறைகின்றது. மகிழ்ச்சியின் கடைசி நாள் அதுவென எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வட்டமே சொல்லிவிடுகின்றது. பின்னர் செல்வம் முழுதும் இழந்த நிலையிலே, ஜோர்ஜின் அத்தை பனி, நெருப்பணைந்த கொதிகலத்தின் மேற் சாய்ந்து கதறுகின்றாள். அப்பாத்திரத்தை ஏற்ற அக்னெஸ் மூர்ஹெட்டின் நடிப்பு, குரலும் உடலும் ஒருங்கே உடைந்து நொறுங்கும் நடிப்பு. நியூ யோர்க் திறனாய்வாளர் அவருக்கு அவ்வாண்டுப் பரிசை அளித்தமை தகவே.

இதன் பின்னரே மாறுகொளல் நேர்கின்றது. ஜோர்ஜ் வாகன விபத்தில் அகப்பட்டு மருத்துவமனையில் இருக்க, அங்கு அவனைக் கண்டு திரும்பும் யூஜீனும் பனியும் நடைவழியிலே முகமலர்ச்சியோடு நின்று பேசுகின்றனர், இன்னிசை எழுகின்றது, எல்லாம் நலமாயிற்று எனப் படம் முடிகின்றது. அதுவரை நிழலும் இருளும் கொண்டு பேசிய படம் இங்குத் தட்டையான ஒளியில் நிற்கின்றது. சில நிமிடங்களுக்கு முன்னர் கொதிகலத்தருகே கதறியவள் இவள்தானா என்னும் ஐயம் எழுகின்றது. வெல்ஸ் அமைத்த முடிவு இதுவன்று. அவர் படமாக்கியதில், பனி ஒரு வாடகை விடுதியிலே முதுமையும் வறுமையும் சூழ இருக்கின்றாள். யூஜீன் அவளைக் காண வருகின்றான். அருகே இசைத்தட்டொன்றிலே கோமாளிகளின் பேச்சு ஒலிக்க, இருவருக்கும் பேசிக்கொள்ள ஏதுமில்லாது போகின்றது. ஏறத்தாழ 130 நிமிடங்கள் கொண்ட படம் 88 நிமிடங்களாகச் சுருங்கியபோது அக்காட்சி நீக்கப்பட்டு, உதவி நெறியாளர் ஒருவர் எடுத்த மருத்துவமனைக் காட்சி அவ்விடத்தை நிரப்பியது. ஊர் வளர்ந்து மாசடைவதைக் காட்டிய பகுதிகளும் பெரிதும் குறைந்தன. இசையமைத்த பேர்னாட் ஹேமன், தம் இசையிற் பெரும்பகுதி நீக்கப்பட்டமை பொறாது, படத்தினின்றும் தம் பெயரையே அகற்றச் செய்தார்.

இங்கு நுணுகி நோக்கத்தக்க ஒன்றுண்டு. மருத்துவமனையில் நிகழும் சமாதான முடிவு நிறுவனத்தாரின் கற்பனையன்று. அது ராக்கிங்டன் நாவலின் முடிவையே ஒட்டியது. வெல்ஸின் முடிவே மூலத்தினின்றும் விலகியது. மூலநூலுக்கு உண்மையாயிருத்தலே தழுவற் படத்தின் அறம் எனின், நிறுவனம் செய்ததே முறையென்றாகும். ஆனால், படம் தன் முற்பகுதியில் நாவலை விஞ்சிய ஒரு நோக்கை எய்திவிட்டது. அந்நோக்கை எய்திய பின் நாவலின் முடிவுக்குத் திரும்புதல், வளர்ந்தவனுக்குச் சிறுபருவத்துச் சட்டையை அணிவித்தல் போலும். மூலத்துக்கு உண்மையாயிருத்தல் தனக்குத் தானே பொய்யாதலாக முடிந்தது. படத்தின் நிறைவை மூலநூல் கொண்டு அளத்தல் தகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

இனி, இக்குறைக்குப் பொறுப்பாளர் யார் என்பது வினா. பழி முழுவதையும் ஆர்.கே.ஓ. நிறுவனத்தின்மேற் சுமத்துவது நெடுங்கால வழக்கு. அந்நிறுவனம் 1942 மார்ச் 17 ஆம் நாள் பொமோனா என்னும் ஊரிலே இப்படத்தை முன்னோட்டமாகக் காட்டியது. இசையும் களியாட்டமும் நிறைந்த வேறொரு படத்தைக் காண வந்தோர் முன் இந்தத் துயரக் கதை வைக்கப்பட்டது. சிலர் நகைத்தனர், பலர் வெறுத்து எழுதினர், சிலர் மிக உயர்த்தியும் எழுதினர். பண்டைக் காலத்து அரங்கேற்றம் கற்றோர் அவையில் நிகழ்ந்தது. அங்குக் குறை கூறுவோன் காரணமும் கூறக் கடமைப்பட்டவன். பொமோனாவில் ஓரிரவின் நகைப்பே தீர்ப்பாயிற்று. பொருள் முடையிலிருந்த நிறுவனம் அத்தீர்ப்பினால் அஞ்சியது.

ஆயினும், வெல்ஸும் குற்றமற்றவரல்லர். இறுதித் தொகுப்பின்மேற் தமக்கிருந்த உரிமையை அவர் முன்னரே ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்திருந்தார். போர்க்கால நல்லெண்ணப் பணியாக வேறொரு படத்தை எடுக்க 1942 பெப்ரவரியிலேயே பிறேசிலுக்குச் சென்றுவிட்டார். தொகுப்பாளர் றொபேட் வைஸுக்கு அங்கிருந்து நெடுந்தந்திகள் அனுப்பினார். முன்னோட்டத்துக்கு முன்னரே படத்தின் நடுப்பகுதியில் ஒரு பெருவெட்டைச் செய்யப் பணித்தவரும் அவரே. சிற்பி அயலூர் சென்றிருக்க, உளியோசை மட்டும் தந்தி வழியே வந்தால் சிற்பம் நிறைவெய்துமோ? நிறுவனத்தின் அச்சமும் படைப்பாளியின் அகற்சியும் சேர்ந்தே இக்கேட்டை விளைத்தன.

வெட்டியெறிந்த பகுதிகள் பேணப்பட்டிருப்பின் இக்கேடு பிற்காலத்திலேனும் தீர்ந்திருக்கும். அவை அழிக்கப்பட்டன. தமிழறிந்தோர் இவ்விழப்பின் தன்மையை எளிதில் உணர்வர். வளையாபதி என்னும் பெருங்காப்பியத்திலே எஞ்சியவை புறத்திரட்டும் உரைகளும் காத்துத் தந்த ஏறத்தாழ எழுபது செய்யுள்களே. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் செல்லரித்த ஏடுகளைத் தேடியலைந்து பதிப்பித்திராவிடின் வேறு பல நூல்களுக்கும் அந்நிலையே நேர்ந்திருக்கும். நூல்களை அழித்தது பெரும்பாலும் காலமும் கறையானும். அம்பசன்ஸ் படச்சுருள்களை அழித்தவர் அவற்றுக்கு உரியவரே. வெல்ஸின் திரைக்கதையைக் கொண்டு 2002 இல் அல்பொன்சோ அராவு என்னும் நெறியாளர் தொலைக்காட்சிக்காக அதனை மீண்டும் படமாக்கினார். அப்படம் மூலப்படத்தின் நிழலாகவும் அமையவில்லை. எழுத்திலுள்ள திட்டத்தைக் கொண்டு இழந்த கலையை மீட்க இயலாதென்பதை அம்முயற்சி காட்டியது.

வெட்டுவோர் கையாலேயே படங்கள் கெடுகின்றன என்று முடிவு செய்தற்கு முன், மூன்றாவது படத்தையும் நோக்குதல் வேண்டும். சார்ளி சப்ளின் 1967 இல் வெளியிட்ட 'ஏ கவுண்டெஸ் புறொம் ஹொங்கொங்' அவருடைய கடைசிப் படம். வண்ணத்தில் அமைந்த ஒரே படமும் அதுவே. எழுதியவரும், நெறிப்படுத்தியவரும், இசை அமைத்தவரும் அவரே. மார்லன் பிராண்டோ, சோபியா லோரன் ஆகிய பெருநடிகர் இருவர் வாய்த்தனர். யுனிவேர்சல் நிறுவனத்தின் பொருளும் வாய்த்தது. தொடக்கத்திலே, ஹொங்கொங் நடன அரங்கொன்றில், நாடிழந்த உருசியப் பிரபுகுலப் பெண்கள் சில்லறைக் காசுக்குக் கப்பலோட்டிகளுடன் நடனமாடுகின்றனர். குடியுரிமையும் கடவுச்சீட்டும் இல்லாத மனிதரின் நிலை, பெயரளவில் எஞ்சிய பெருமையின் அவலம் ஆகியவை அங்கே தோன்றுகின்றன. வறியவனின் மானத்தை நகைப்பினூடே உலகுக்கு உணர்த்திய சப்ளினுக்கு இதனினும் தக்க பொருள் கிட்டுதல் அரிது.

ஆனால், அப்பெண்களுள் ஒருத்தி அமெரிக்க இராசதந்திரி ஒருவரின் கப்பல் அறையிலே ஒளிந்துகொண்டவுடன் படம் தன் பொருளை மறந்துவிடுகின்றது. கதவு தட்டப்படுதலும், அவள் ஓடி ஒளிதலும், மீண்டும் கதவு தட்டப்படுதலுமாகக் காலம் கழிகின்றது. நாடற்றவள் என்னும் துயரம் ஒளிந்து விளையாடுதற்கு ஒரு காரணமாக மட்டுமே சுருங்கிவிடுகின்றது. இது மற்றொன்று விரித்தல். இக்கதையைச் சப்ளின் முதலில் எண்ணியது 1930 களில். முப்பதாண்டு மனத்திற் கிடந்த கரு வெளிவந்தபோது அதன் நகைச்சுவைப் பாங்கு பழைய காலத்ததாகவே இருந்தது. படத்துக்கென அவர் இயற்றிய பாடல் அதே ஆண்டிலே பெரும் புகழ் எய்தியது, படமோ மறக்கப்பட்டது. இங்குப் பழிக்கத்தக்க நிறுவனம் இல்லை, கத்தரியும் இல்லை. முழு உரிமையும் ஒரு படைப்பாளியைத் தன் பொருளினின்றும் வழுவாது காக்கவில்லை.

மூன்றையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை தெளிவாகின்றது. நாலிலொரு பங்கும் எஞ்சாத 'கிறீட்' தன் வாக்கைப் பெரும்பாலும் காத்தது. மூன்றில் இரு பங்கு எஞ்சிய 'அம்பசன்ஸ்' கடைசி அடியிலே தன் வாக்கை முறித்தது. படைத்தோன் கையாலேயே முடிவுற்ற சப்ளினின் படம் தொடக்கத்துக்குச் சற்று அப்பாலேயே அதனைக் கைவிட்டது. ஆகவே, நிறைவு என்பது நீளத்தைப் பொறுத்ததன்று. உரிமையை மட்டும் பொறுத்ததுமன்று. எடுத்த பொருளை அதன் கசப்போடும் இறுதிவரை சுமக்கும் மனத்திண்மையைப் பொறுத்தது. அத்திண்மை படைப்பாளிக்கு மட்டுமன்றி, முதலிடுவோனுக்கும் காண்போனுக்கும் வேண்டப்படுவது.

குறைபட்ட படத்தைப் புறக்கணித்தல் முறையோ எனின், அன்று. 'அம்பசன்ஸ்' வெளியானபோது வசூலில் வீழ்ந்தது. ஆயினும் 'சைற் அன்ட் சவுண்ட்' என்னும் பிரித்தானிய ஏடு 1972 இலும் 1982 இலும் திறனாய்வாளரிடையே எடுத்த கணிப்புக்களில், உலகின் தலைசிறந்த பத்துப் படங்களுள் ஒன்றாக அஃது இடம்பெற்றது. குறையுள்ள படம் குறையற்ற பல படங்களினும் மேலாக மதிக்கப்பட்டமை வியப்பன்று. சிறிய வாக்கை அளித்து அதனை நிறைவேற்றும் படங்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் வருகின்றன. அவற்றில் தேய்வதற்கு ஏதுமில்லை. பெரிய வாக்கை அளித்தவையே தவறவும் கூடும். அவ்வாறு தவறியவற்றைக் காணும் மாணாக்கர் 'நன்று', 'தீது' என ஒரு சொல்லால் முடிக்காது, படம் எதனைச் சொல்ல எழுந்தது, எவ்விடத்தில் நின்றது, அவ்விடத்தில் யார் கை இருந்தது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். பொமோனாவில் அன்றிரவு வந்திருந்தோருள் ஒரு சிலரேனும் அவ்வினாக்களை எழுப்பினர் என்பதற்கு அவர்கள் எழுதிவைத்த பாராட்டுச் சீட்டுக்களே சான்று. அவர்கள் சிறுபான்மையராயினர்; படம் இழக்கப்பட்டது. அச்சிறுபான்மையைப் பெருக்குதலே திறனாய்வுக் கல்வியின் பயன்.